ஏர் பிஸ்டலில் ரியர் சைட் ஆட்டம்: கண்டறிதலும் சரிசெய்தலும்

ஏர் பிஸ்டலின் பின்முனையில், சுடுபவரின் கண்ணுக்கு நேராக, நடுவில் சதுர வெட்டுடன் நிற்கும் தகடுதான் ரியர் சைட். குழலின் முன்முனையில் நிற்கும் ஃப்ரன்ட் சைட் இந்த வெட்டின் நடுவில் தெரிய வேண்டும். இருபுறமும் வெளிச்சம் சமமாக இருக்க வேண்டும், மேல் விளிம்புகள் ஒரே கோட்டில் அமைய வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் டெலஸ்கோப், லேசர் போன்றவற்றுக்கு அனுமதி கிடையாது. சுடுபவருக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி இந்த இரண்டு உலோகத் துண்டுகள்தான். அவற்றில் ஒன்று ஆடினால் கையும் கண்ணும் எவ்வளவு பழகியிருந்தாலும் பயனில்லை.

கோளாறு சிறியது. பெரும்பாலான சமயம் ஒரு ஆலன் கீயும் அரை மணி நேரமும் போதும். ஆனால் ஆட்டம் எந்த இணைப்பில் இருக்கிறது என்று தெரியாமல் கையில் கிடைத்த ஸ்க்ரூவை எல்லாம் முறுக்குபவர்கள்தான் சிறிய கோளாறைப் பெரிய செலவாக்குகிறார்கள். எனவே இந்த அத்தியாயத்தில் பாதி கண்டறிவதற்கும் மீதி சரிசெய்வதற்கும் ஒதுக்கப்பட்டுள்ளது.

சிறிய ஆட்டம், பெரிய விலகல்

ரியர் சைட் நகரும் அளவு இலக்கில் எத்தனை மடங்காகும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். இலக்கின் தூரத்தை, இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலுள்ள நீளத்தால் வகுத்தால் அந்த மடங்கு கிடைக்கும். சைட்டுகளுக்கு இடையே 330 மி.மீ. உள்ள பிஸ்டலில், 10 மீட்டர் தூரத்துக்கு அது ஏறக்குறைய 30 மடங்கு. ரியர் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் குண்டு 3 மி.மீ. விலகும். 0.25 மி.மீ. நகர்ந்தால் ஏழரை மி.மீ. விலகும்.

இந்த ஏழரை மி.மீ. என்ன செய்யும் என்பதை இலக்கின் அளவுகள் காட்டும். சர்வதேச ஏர் பிஸ்டல் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அடுத்தடுத்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஆரத்தில் 8 மி.மீ. கூடுகின்றன. குண்டின் விட்டம் 4.5 மி.மீ. வட்டத்தின் கோட்டைக் குண்டு தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10 புள்ளி. ரியர் சைட் கால் மில்லிமீட்டர் ஆடினால், நடுமையத்தில் விழ வேண்டிய குண்டு 10-இன் விளிம்புக்குப் போய்விடுகிறது. சுடுபவரின் கைநடுக்கமும் சேர்ந்துகொண்டால் 9, சில சமயம் 8.

கால் மில்லிமீட்டர் ஆட்டம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. திருப்பூரின் வட்ட நிட்டிங் மெஷின்களில் சிலிண்டருக்கும் டயலுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கும் பிட்டருக்கு இந்த அளவு எவ்வளவு பெரிது என்பது தெரியும். திருப்பூரின் நெருப்பெரிச்சல் போன்ற பகுதிகளில் இருக்கும் விளையாட்டு வீரருக்கு இது வசதி. தேவையான அளவுக் கருவிகளும், அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் அக்கம்பக்கத்திலேயே கிடைப்பார்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

இந்த அத்தியாயம் ஏர் பிஸ்டலுக்கு மட்டுமே பொருந்தும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அதாவது 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் இந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதன் சைட்டை உரிமையாளரே சரிசெய்துகொள்ளலாம்.

வெடிமருந்தால் இயங்கும் பிஸ்டலின் நிலை வேறு. .22 விளையாட்டுப் பிஸ்டலானாலும் தற்காப்புக்கான .32 ஆனாலும் அது உரிமம் பெற்ற ஆயுதம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவு, துப்பாக்கிகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் போலவே பழுதுபார்ப்பதையும் அதற்கென உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. மீறினால் சிறைத்தண்டனை. லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இந்த வேலையைத் தொடக்கூடாது. உரிமையாளரும் அவரிடம் கொடுக்கக்கூடாது. இத்தகைய பிஸ்டலில் ரியர் சைட் ஆடினால், உரிமத்துடன் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ கொண்டு போவது ஒன்றே வழி.

ஏர் பிஸ்டலை வெளியே எடுத்துச் செல்லும்போதும் கவனம் வேண்டும். பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கியாகவே தெரியும். பூட்டிய பெட்டியில், வாங்கிய பில்லின் நகலுடனும் அடையாள அட்டையுடனும் கொண்டு போக வேண்டும். பஸ்ஸிலோ டீக்கடையிலோ பெட்டியைத் திறக்கக்கூடாது.

பாகங்களும் அவற்றின் வேலையும்

ரியர் சைட் ஒரே துண்டு போலத் தெரிந்தாலும் அதில் நான்கு பகுதிகள் உள்ளன. பிஸ்டலின் உடலோடு சேரும் அடிப்பாகம் முதலாவது. வெட்டு உள்ள தகடு இரண்டாவது. தகட்டை இடவலமாக நகர்த்தும் வின்டேஜ் ஸ்க்ரூவும் மேலும் கீழும் நகர்த்தும் எலிவேஷன் ஸ்க்ரூவும் மூன்றாவது. இந்த ஸ்க்ரூக்களைத் தளராமல் பிடித்து, ஒவ்வொரு திருப்புக்கும் 'கிளிக்' தரும் சிறு குண்டுமணியும் ஸ்பிரிங்குகளும் நான்காவது. விலை கூடிய பிஸ்டல்களில் வெட்டின் அகலத்தையும் ஆழத்தையும் மாற்றத் தனி ஸ்க்ரூக்கள் இருக்கும்.

பிடிக்கும் ஸ்க்ரூ வேறு, நகர்த்தும் ஸ்க்ரூ வேறு. அடிப்பாகத்தை உடலோடு இறுக்குவது பிடிக்கும் ஸ்க்ரூ. அதை முழுதாக முறுக்கி நிறுத்த வேண்டும். வின்டேஜும் எலிவேஷனும் நகர்த்தும் ஸ்க்ரூக்கள். அவற்றை ஒருபோதும் இறுக்கக்கூடாது, பசை போட்டு ஒட்டவும் கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல் செய்யும் வேலையில்தான் அதிக சேதம் நேர்கிறது.

அடிப்பாகம் உடலோடு சேரும் விதம் மாடலுக்கு மாடல் மாறும். போட்டிப் பிஸ்டல்களில் ஒன்றிரண்டு ஆலன் ஸ்க்ரூக்கள் மேலிருந்தோ பின்னிருந்தோ பிடிக்கும். சில பிஸ்டல்களில் 11 மி.மீ. டவ்டெயில் காடியில் சைட்டைச் செருகிப் பக்கவாட்டு ஸ்க்ரூவால் கவ்வச் செய்திருப்பார்கள்.

ஏன் தளர்கிறது

காற்றுச் சிலிண்டர் உள்ள போட்டிப் பிஸ்டலில் அதிர்வு மிகக் குறைவு. அங்கே சைட் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய், கீழே விழுதல், அல்லது கழற்றி மாட்டும்போது சரியாக இறுக்காமல் விட்டது. ஸ்பிரிங் பிஸ்டன் வகையில் கதை வேறு. ஒவ்வொரு சுடுதலிலும் பிஸ்டன் ஓடும்போது ஒரு திசையிலும், நிற்கும்போது எதிர்த்திசையிலும் உதறல் எழும். ஆயிரக்கணக்கில் இப்படி உதறினால் எந்த ஸ்க்ரூவும் இளகும்.

திருப்பூர் வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிட்டிங் கம்பெனிக்கும் தையல் யூனிட்டுக்கும் அருகிலுள்ள வீடுகளில் பஞ்சுத் தூசி எப்போதும் காற்றில் இருக்கும். பிஸ்டலில் அளவுக்கு மீறி எண்ணெய் விட்டிருந்தால் இந்தப் பஞ்சு அதில் ஒட்டி, பிசின் போலத் திரண்டு, கிளிக் குண்டுமணி இருக்கும் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். குண்டுமணி முழுதாக உட்காராததால் கிளிக் மழுங்கும், ஸ்க்ரூ தானாகத் திரும்பும். இதற்கு மருந்து முறுக்குவது அல்ல, சுத்தம் செய்வது.

முதலில் பாதுகாப்பு

எந்தச் சோதனைக்கும் முன் பிஸ்டலைக் காலி செய்ய வேண்டும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, குண்டு ஏற்றும் வாயைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து, குழல் முழுவதும் ஓடும் பாதுகாப்புக் கொடியைச் செருக வேண்டும். சிலிண்டர் கழற்றக்கூடிய வகையானால் அதைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருக்கும். அதன் வால்வையோ அளவுமானியையோ வீட்டில் பிரிக்கக்கூடாது. குண்டுகளை வேலை மேசையில் வைக்காமல் வேறு அறையில் வைப்பது நல்லது.

ஆட்டம் எங்கே: நான்கு சோதனைகள்

1. விரல் சோதனை. பிஸ்டலை மெத்தென்ற துணியில் கிடத்தி, ஒரு கை விரல் நுனியை அடிப்பாகமும் உடலும் சேரும் கோட்டில் வைக்க வேண்டும். மறு கையின் இரண்டு விரல்களால் தகட்டை இடவலமாக மெல்ல அசைக்க வேண்டும். கோட்டில் வைத்த விரலுக்கு அசைவு தெரிந்தால் அடிப்பாகம் தளர்ந்திருக்கிறது. அங்கே அசைவில்லாமல் தகடு மட்டும் ஆடினால் கோளாறு வின்டேஜ் பகுதியில். தகட்டை மேலிருந்து மெல்ல அமுக்கிவிட்டால் அது உடனே எழும்ப வேண்டும். எழும்பாமல் தங்கினால் எலிவேஷன் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது அல்லது தூசி அடைத்திருக்கிறது.

2. பென்சில் கோடு. அடிப்பாகத்திலிருந்து உடல்வரை குறுக்காக ஒரு மெல்லிய கோடு போட்டு, வழக்கம்போல ஒரு பயிற்சி முடித்துப் பார்க்க வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அடிப்பாகம் நகர்கிறது என்பதில் சந்தேகமில்லை.

3. கிளிக் சோதனை. பிஸ்டலை மணல் பையில் சாய்த்து ஐந்து குண்டுகள் சுட வேண்டும். மீண்டும் காலி செய்துவிட்டு, வின்டேஜை ஒரு பக்கம் பத்து கிளிக் திருப்பி, அதே பத்தைத் திரும்பக் கொண்டுவந்து இன்னும் ஐந்து சுட வேண்டும். இரண்டு கூட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஸ்க்ரூ சரி. விலகினால் மரையில் தேய்மானம் அல்லது ஸ்பிரிங்கில் சோர்வு. எலிவேஷனுக்கும் இதையே செய்ய வேண்டும்.

4. மற்றவற்றை விலக்குதல். ஃப்ரன்ட் சைட்டின் ஸ்க்ரூ, குழலைப் பிடிக்கும் ஸ்க்ரூ, கைப்பிடி ஸ்க்ரூ ஆகிய மூன்றில் எது தளர்ந்தாலும் குண்டுகள் இதேபோலச் சிதறும். ரியர் சைட்டைக் கழற்றும் முன் இவை மூன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இலக்கில் குண்டுகள் விழும் விதமும் துப்பு தரும். இடவலமாகக் கோடு போல விழுந்தால் வின்டேஜ் அல்லது அடிப்பாகம். மேல்கீழாக நீண்டால் எலிவேஷன் ஸ்பிரிங். இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுந்தால், சைட் இரண்டு நிலைகளில் மாறி மாறி உட்காருகிறது. ஒழுங்கே இல்லாமல் சிதறினால் சைட்டைக் குறை சொல்லும் முன் குண்டின் தரத்தையும் விசை இழுக்கும் விரலையும் பார்க்க வேண்டும்.

தேவையான பொருட்கள்

சரியான அளவு ஆலன் கீகள், வாய் தேயாத சிறு திருப்புளி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய டூத் பிரஷ், பஞ்சு உதிராத துணி, பென்சில், குறைந்த வலிமையுள்ள மரைப் பசை. பனியன் கட்பீஸ் துணி திருப்பூரில் எங்கும் கிடைக்கும். ஆனால் வெட்டிய விளிம்பில் நூல் உதிரும் என்பதால் மடித்துத் தைத்த துண்டையே பயன்படுத்த வேண்டும்.

மரைப் பசையில் நிறம் முக்கியம். லாக்டைட் வரிசையில் ஊதா நிற 222 சிறு ஸ்க்ரூக்களுக்கானது, கைக்கருவியால் கழற்றிவிடலாம். நீல நிற 243 நடுத்தரம். சிவப்பு 271 நிரந்தரப் பிடிப்புக்கானது, அதை இளக்கச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மெஷின் பிட்டரின் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் நீலமோ சிவப்போதான். ஏர் பிஸ்டல் சைட்டுக்கு ஊதாவே போதும். சிவப்பைத் தொடவே கூடாது. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை இந்த வேலைக்கு உதவாது.

அடிப்பாகத்தை இறுக்கும் முறை

முதலில் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். வின்டேஜ், எலிவேஷன் ஸ்க்ரூக்களின் நிலையை போனில் நெருக்கமாகப் படம் எடுத்து, அடிப்பாகத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வது போதும்.

பிறகு பிடிக்கும் ஸ்க்ரூவை முழுதாகக் கழற்ற வேண்டும். தளர்ந்த ஸ்க்ரூவை அப்படியே மேலும் முறுக்கினால், இரண்டு பரப்புகளுக்கும் நடுவிலுள்ள எண்ணெயும் தூசியும் அங்கேயே நசுங்கி நிற்கும். சில நாளில் மறுபடி இளகும். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரூ இருந்தால் எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று வரிசையாக வைக்க வேண்டும். இது சம்பிரதாயம் அல்ல. சில மாடல்களில் ரியர் சைட்டுக்கு நேர் கீழே சுடும் இயக்கத்தின் பாகங்கள் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடிய ஸ்க்ரூ உள்ளே இறங்கினால் அவற்றை முட்டிக் கெடுத்துவிடும். ஸ்க்ரூ தொலைந்தால் அதே விட்டம், அதே மரை, அதே நீளம் உள்ளதைத்தான் போட வேண்டும்.

ஸ்க்ரூவையும் துளையையும் அடிப்பாகம் உட்காரும் பரப்பையும் ஆல்கஹாலால் துடைத்து உலர விட வேண்டும். மரைப் பசை எண்ணெய்ப் பிசுக்கில் சரியாகப் பிடிக்காது. ஆல்கஹால் துளை வழியாக உள்ளே வழியாதபடி பஞ்சுக் குச்சியை நனைத்து மட்டுமே துடைக்க வேண்டும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றக்கூடாது.

உலர்ந்த பின் ஸ்க்ரூவின் முன்பகுதி மரையில் குண்டூசித் தலையளவு ஊதாப் பசை இட வேண்டும். இந்தப் பசை காற்று படாத இடத்தில், உலோகத்தோடு உலோகம் சேரும்போதுதான் இறுகும். பிளாஸ்டிக் உடலுள்ள பிஸ்டலில் இது பிடிக்காது. சில பிளாஸ்டிக்குகளில் விரிசலையும் உண்டாக்கும். அங்கே பசையில்லாமல் மாட்டி, அடிக்கடி சரிபார்ப்பதே வழி.

பென்சில் கோட்டுக்குள் அடிப்பாகத்தை உட்கார வைத்து, ஸ்க்ரூவை முதலில் விரலால் ஏற்ற வேண்டும். விரலில் சுலபமாக ஏறாவிட்டால் மரை குறுக்கே பிடித்திருக்கிறது. உடனே எடுத்துவிட்டு மறுபடி நேராக வைக்க வேண்டும். கடைசி இறுக்கத்துக்கு ஆலன் கீயின் நீளக் காலை ஸ்க்ரூவில் செருகி, குட்டைக் காலை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் போதும். இப்படிப் பிடித்தால் நெம்புகோல் நீளம் குறைவதால், அலுமினிய மரையைக் கிழிக்கும் அளவுக்குப் பலம் கொடுப்பது கடினம். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வழிந்த பசையைத் துடைத்து, 24 மணி நேரம் பிஸ்டலைச் சுடாமல் வைக்க வேண்டும்.

டவ்டெயில் காடி வகையிலும் இதே ஒழுங்குதான். காடியின் இரு ஓரங்களையும் பிரஷால் சுத்தம் செய்து, சைட்டை முன்பிருந்த இடத்திலேயே நிறுத்தி, கவ்வும் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். பிடிப்புக்காகக் காகிதம் மடித்துச் செருகுவதும், காடி ஓரத்தைச் சுத்தியலால் தட்டி நெரிப்பதும் வேண்டாம். காகிதம் நசுங்கி இளகும், நெரித்த காடி திரும்ப நேராகாது.

தகடு மட்டும் ஆடினால்

வின்டேஜ், எலிவேஷன் பகுதிகளைச் சுத்தம் செய்துவிட்டே அடுத்ததை யோசிக்க வேண்டும். டூத் பிரஷில் சிறிது ஆல்கஹால் தொட்டு, கிளிக் சக்கரத்தைச் சுற்றியும் தகட்டின் கீழும் தேய்த்து, ஸ்க்ரூவைச் சில சுற்று முன்னும் பின்னும் திருப்பி, மறுபடி துடைக்க வேண்டும். பஞ்சுத் தூசியால் வந்த கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும். உலர்ந்தபின் நகரும் மரையில் ஊசி முனையளவு லேசான கிரீஸ் போதும்.

சுத்தம் செய்தும் ஆட்டம் நீடித்தால் ஸ்பிரிங்கோ தகட்டின் அச்சு ஊசியோ தேய்ந்திருக்கும். இவற்றைத் தயாரிப்பாளரின் உதிரிபாகமாகவே வாங்க வேண்டும். பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டால் கிளிக் கேட்கும், ஆனால் அழுத்தம் சமமாக இருக்காது. பிரிக்க வேண்டியிருந்தால் பெரிய தெளிவான பாலிதீன் பைக்குள் கைகளை விட்டுப் பிரிப்பது நல்லது. கிளிக் குண்டுமணி ஸ்பிரிங்கின் விசையில் துள்ளித் தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

மரை போய்விட்டால்

ஸ்க்ரூ இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது என்று பொருள். பெரும்பாலும் உடலின் அலுமினிய மரைதான் போயிருக்கும். நூல் சுற்றியோ எபாக்ஸி ஊற்றியோ ஒப்பேற்றக்கூடாது. கம்பிச் சுருள் செருகிப் புது மரை உண்டாக்கும் ஹெலிகாயில் முறை மெஷின் பட்டறைகளுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அதற்குத் துளையைப் பெரிதாக்க வேண்டும். சைட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அறியாமல் துளையிடுவது ஆபத்து. இதை அந்த மாடலைத் தெரிந்த சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிட வேண்டும்.

மறுபடி குறி சரிபார்த்தல்

சைட்டைக் கழற்றி மாட்டிய பிஸ்டல் பழைய இடத்திலேயே சுடும் என்று எண்ணக்கூடாது. ஐந்தைந்தாக மூன்று கூட்டங்கள் சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்த பிறகே ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். விதி எளிது: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே ரியர் சைட்டும் போக வேண்டும். குண்டுகள் இடப்பக்கம் விழுந்தால் சைட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டும், கீழே விழுந்தால் உயர்த்த வேண்டும். ஜெர்மானியப் பிஸ்டல்களில் ஸ்க்ரூக்களின் அருகே காணப்படும் எழுத்துகளில் 'எச்' மேலையும் 'டி' கீழையும் குறிக்கும். அது குண்டு விழுந்த பக்கமா, திருத்தும் பக்கமா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசித் திருப்பத்தை எப்போதும் ஒரே திசையில் முடித்தால் மரையின் சிறு இடைவெளி கணக்கைக் குழப்பாது.

வீட்டில் சுடுபவர்கள் குண்டைத் தடுத்து நிறுத்தும் இரும்புப் பெட்டி இலக்கையும் பாதுகாப்புக் கண்ணாடியையும் தவிர்க்கக்கூடாது. இலக்குக்குப் பின்னும் பக்கத்திலும் கதவோ ஆள் நடமாட்டமோ இருக்கக்கூடாது. குண்டுகள் ஈயத்தால் ஆனவை என்பதால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பராமரிப்பும் போட்டிக்கு முந்தைய நாளும்

பென்சில் கோட்டை அழிக்காமல் விட்டுவைத்து, ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஒருமுறை பார்ப்பதே சிறந்த பராமரிப்பு. வாரம் ஒருமுறை விரல் சோதனை, மாதம் ஒருமுறை பிரஷ் சுத்தம். பிஸ்டலைத் திறந்த அலமாரியில் வைக்காமல் பெட்டியில் வைத்தால் பஞ்சுத் தூசி அண்டாது. பெட்டியின் நுரை மெத்தை சைட்டை அழுத்தாதபடி வெட்டியிருக்க வேண்டும்.

கருவிக் கோளாறு எந்த நிலை வீரரையும் விடாது. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதானது. 75 நிமிடத்தில் 60 குண்டுகள் சுட வேண்டிய போட்டியில் அவர் கால் மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம் பெற்று இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். அங்கே பழுதானது சைட் அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். அதே வீராங்கனை 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

நெருப்பெரிச்சலிலிருந்து போட்டிக்கோ பெரிய பயிற்சித் தளத்துக்கோ போக வேண்டுமானால் கோவைப் பயணம்தான், ஏறக்குறைய 50 கி.மீ. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சைட் ஆடுவது தெரிந்தால் அன்றைய நாள் வீண். மரைப் பசை இறுக ஒரு முழு நாள் வேண்டும் என்பதால், சைட் வேலை எதையும் போட்டிக்கு முதல் நாள் செய்யக்கூடாது. குறைந்தது மூன்று நாள் முன்னதாக முடித்து, அதன்பின் ஒரு முழுப் பயிற்சியாவது சுட்டுப் பார்த்துவிட வேண்டும். பெட்டியில் ஆலன் கீயும், ஒரே ஒரு உபரி ஸ்க்ரூவும் எப்போதும் இருக்கட்டும்.